நாற்பத்து மூன்று ‘முடியாது’

ஹட்டனில் மழை பெய்யாத சனிக்கிழமை வருடத்துக்கு ஒன்றுதான் வரும். 2007ஆம் ஆண்டின் அந்த ஒரேயொரு சனிக்கிழமை, லோஜினிக்குக் கோபம் வந்த நாளாகப் போய்விட்டது. அவளுக்குப் பயந்துதான் மழை வரவில்லை என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஆனால் வேறு காரணம் இன்றுவரை யாரும் சொன்னதுமில்லை. அன்று காலை எட்டரை மணிக்கு அவள் பக்கத்தில் பச்சைத் தேயிலைக் கொழுந்தைக் கொட்டியிருந்தால் பத்து நிமிடத்தில் வாடிச் சுருண்டிருக்கும். பெக்டரியில் அதற்கு ஓர் இரவு முழுக்கக் காற்று விட வேண்டும்.

இரும்புக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது இராசரத்தினம் சேரின் கணினி நிலையம். எட்டுக் கணினிகள். ஆறு ஓடும், ஒன்று நொண்டும், ஒன்று சரஸ்வதி பூசைக்குப் பொட்டு வைக்க மட்டும். இணையத்துக்கு ஒரே ஒரு தொலைபேசிக் கம்பி. அது சொருகியிருந்த சுவர்த்துளை கிழவன் பல்போல ஆடிக்கொண்டிருந்ததால், எதையாவது அனுப்ப வேண்டுமென்றால் ஒருவர் அதை விரலால் அழுத்திப் பிடித்தபடி நிற்க வேண்டும். விரலை எடுத்தால் உலகம் அறுந்துவிடும். அந்த விரல் எப்போதும் லோஜினியுடையதுதான். வயது இருபத்து நான்கு, டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசைவீட்டிலிருந்து பஸ் பிடித்து வந்து அங்கே பிள்ளைகளுக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தாள். மூன்று வருடம் அழுத்தியதில் வலது கைச் சுட்டுவிரல் தட்டையாகிவிட்டது என்று சொல்லுவாள். அளந்து பார்த்தவர் இல்லை.

அன்று காலை அவள் தன் கோப்பைத் திறந்தாள். எட்டு மாதம் ஞாயிற்றுக்கிழமை எல்லாம் தின்று வளர்த்த கோப்பு. அதில் ‘முடியாது’ என்ற சொல் நாற்பத்து மூன்று இடத்தில் இருக்க வேண்டும். ஒன்றுகூட இல்லை. எல்லா இடத்திலும் ‘சரிங்க தொர’ என்று உட்கார்ந்திருந்தது.

எழுந்தாள். நாற்காலி பின்னால் போய்ப் பூசைக் கணினியில் மோதியது.

“சேர், என் ஃபைல யாரு தொட்டது?”

இராசரத்தினம் சேர் மேசையில் கழுத்துப்பட்டி முடிச்சோடு போராடிக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து கணக்கு வாத்தியாராக ஹட்டனுக்கு வந்து, இருபத்தைந்து வருடம் படிப்பித்து, ஓய்வுபெற்ற பிறகு நிலையத்தைத் திறந்தவர். அவரிடம் கணக்குப் படிக்காதவன் ஹட்டனில் கிடையாது. அடி வாங்காதவனும் கிடையாது.

“நான்தான். ஏன்?”

“எல்லா முடியாதையும் எடுத்துட்டீங்க!”

“எடுக்கேல்லை பிள்ளை. திருத்தினனான். தேடு, மாத்து, எல்லாத்தையும் மாத்து. மூண்டு தட்டு. முதல்ல ‘சரி’ எண்டதை ‘சரிங்க தொர’ ஆக்கினன். பிறகு ‘முடியாது’ எண்டதையும் அப்பிடியே ஆக்கினன். வேலை முடிஞ்சுது.”

“எதுக்குங்க சேர்?”

“இண்டைக்குக் கொழும்பிலயிருந்து தோட்டக் கொம்பனியின்ரை பெரிய துரை உங்கடை தோட்டத்துக்கு வாறார். உன்ரை ரோபோவைப் பாத்துப்போட்டுப் பிடிச்சால் பத்துக் கொம்பியூட்டர் தாறாராம். அவருக்கு முன்னால நிண்டு ஒரு மெசின் ‘முடியாது’ எண்டு சொல்லுறதே? மரியாதை எண்டு ஒண்டு இருக்கெல்லே.”

“அது மரியாதைக் கேடு இல்லைங்க. அது பதிலு!”

“பதிலெண்டால் நல்ல பதிலாச் சொல்லட்டும். பின்னேரம் உன்ரை வெளிநாட்டுக்காரருக்கும் இதைத்தான் அனுப்பப் போறன். நாலு மணிதானே கடைசி நேரம்? இப்ப போய் அந்தத் தலையைச் சீப்பால இழு. வேன் வந்திட்டுது.”

அவள் தலைமயிர் எழுந்து நின்றிருந்தது. கோபத்தில்தான்; காலையில் சீவிக்கொண்டுதான் வந்திருந்தாள்.

அந்த வெளிநாட்டுக்காரர் ‘பனிக்கரடி’ என்ற பேரில் எழுதுகிறவர். எங்கேயோ குளிர்நாட்டில் இருக்கிறார், சொந்தப் பேர் யாருக்கும் தெரியாது. ரோபோக்கள் ஒன்றையொன்று சுட்டுப் பொசுக்கும் ஒரு கணினி விளையாட்டை எடுத்து, துப்பாக்கியைக் கழற்றி எறிந்துவிட்டு, ரோபோக்களை வேலைக்காரர்களாக மாற்றிக்கொண்டிருந்தது அவருடைய கூட்டம். ஓடுகிற விளையாட்டைப் பிரித்துப்போட்டு வேறொன்றாகக் கட்டுவதற்கு ‘மோட்’ என்று பேர். இந்த மோட்டில் யார் வேண்டுமானாலும் தன் ரோபோவுக்குக் கை, கால், கூடை, நிறம் என்று பூட்டிக்கொள்ளலாம். பிறகு அதற்குக் கட்டளை எழுத வேண்டும். அங்கேதான் கோளாறு. கட்டளையைக் கொடுத்தால் ரோபோ செய்யும், அல்லது மரம்போல நின்றுவிடும். ஏன் நின்றது என்று சொல்லாது. உலகம் பூராவும் நாலாயிரம் இளைஞர்கள் மரம்போல நிற்கும் ரோபோக்களைப் பார்த்து மயிரைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள்.

மனிதனுக்கும் ரோபோவுக்கும் நடுவே கட்டளையும் பதிலும் போய்வருகிற வாசலை இடைமுகம் என்பார்கள். அந்த வாசலைப் புதிதாகக் கட்டித் தருகிறேன் என்று எழுதியவள் லோஜினி. கட்டியும் விட்டாள். அவளுடைய இடைமுகத்தில் ரோபோ ஒவ்வொரு கட்டளைக்கும் வாய் திறந்தாக வேண்டும். ‘சரி’ என்றால் நடக்கும். ‘முடியாது’ என்றால் நிற்கும், காரணத்தையும் சொல்லும். தலைக்கு மேலே தமிழ் எழுத்தில் வரும். அந்த எழுத்தைத் திரையில் வரவைக்க மட்டும் ஒரு மாதம் தலைகீழாக நின்றாள். பனிக்கரடி பார்த்துவிட்டு, “சொல்லை மாற்றாதே, எங்கள் ஆட்கள் படித்துக்கொள்வார்கள். சனிக்கிழமை உன் நேரம் நாலு மணிக்குள் வந்தால் வெளியீட்டில் சேரும், பிந்தினால் பழைய வாசல்தான்” என்று எழுதியிருந்தார்.

அப்படியொரு யோசனை அவளுக்கு எங்கேயிருந்து வந்தது? புத்தகத்திலிருந்து இல்லை. பெரட்டுக் களத்திலிருந்து.

தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்துக்குப் பெரட்டு என்று பேர். மலை வேலையைப் பார்க்கிற கண்டாக்கு நின்று இன்ன மலைக்குப் போ என்று சொல்வார். லோஜினியின் அம்மா பேச்சியம்மா நல்ல பெண். “சரிங்க” என்று சொல்லிக் கூடையை மாட்டிக்கொள்வாள். பக்கத்து வீட்டுக் காளியாயி அப்படியில்லை. முப்பது வருடத்தில் அவள் வாயிலிருந்து முதல் சொல்லாகச் ‘சரி’ வந்ததைக் கேட்டவர் எவருமில்லை. கல்யாண மேடையிலேயே தாலி கட்ட வந்தவரிடம் “முடியாது, முடிச்சு கோணலா இருக்கு” என்றவளாம்.

“ஏழாம் நம்பர் மலைக்கு முடியாதுங்க. கிள்ளி ஆறு நாளுதான் ஆகுது, கொழுந்து இன்னும் கண்ணு முழிக்கல.”

“அந்த எறக்கத்துக்கு முடியாதுங்க. நேத்து மண்ணு சரிஞ்சது, வழுக்கும்.”

“கூடை நெறைஞ்சிருச்சுங்க, அமுக்குனா கொழுந்து கருகிப்போயிரும். முடியாது.”

கண்டாக்குமார் அவளை ஏசுவார்கள், சாபம் போடுவார்கள். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு ஆட்களை வேறு மலைக்கு அனுப்புவார்கள். ஏனென்றால் காளியாயி சொல்லும் காரணம் ஒருநாளும் பிசகியதில்லை.

ஒரு நாள் மட்டும் கேட்காமல் போனார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னே புதுக் கண்டாக்கு ஒருவர் வந்தார். மூன்றாம் நம்பர் மலைக்குப் போகச் சொன்னார். “முடியாதுங்க, சவுக்கு மரத்துல குளவி கட்டியிருக்கு” என்றாள் காளியாயி. “பேசாமப் போ!” என்றார் அவர். பேச்சியம்மா “சரிங்க” என்றாள். அவளுக்குப் பின்னால் பதினொரு பேர் போனார்கள்; கடைசி ஆளாக, ஏசிக்கொண்டே, காளியாயியும். பன்னிரண்டு பேரையும் லொறியில் டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு அள்ளிக்கொண்டு போனபோது பேச்சியம்மாவின் முகம் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. பெற்ற மகளுக்கே அம்மா எது என்று கட்டிலில் தேட வேண்டியிருந்தது. உயிர் போகவில்லை, அது குளவியின் தயவு.

அதனால்தான் லோஜினி ரோபோவுக்கு எழுதிய காரணங்கள் எல்லாம் காளியாயியின் காரணங்கள். நாள் ஆகவில்லை. வழுக்கும். கூடை நிறைந்தது. குளவி. அதனால்தான் ரோபோவும் பன்னிரண்டு. ஆஸ்பத்திரியில் படுத்த பன்னிரண்டு பேரும் ஆளுக்கொன்று சொல்லச் சொல்ல, கொப்பியில் படம் வரைந்து கட்டியவை. பேச்சியம்மாவின் ரோபோவுக்குத் தலையில் குடை, குட்டைக் கால். “ஒசரமா இருந்தா குனியணும்டி, முதுகு விட்டுப்போயிரும்.” காளியாயியின் ரோபோவுக்கு நாலு கை. இரண்டு கொழுந்துக்கு, ஒன்று முதுகு சொறிய, ஒன்று காலில் ஏறும் அட்டை பிடுங்க. உடம்பு முழுக்கப் பச்சைப் பெயின்ட். “எனக்குப் பச்சைதான் எடுப்பு” என்றாள். மறுத்துப் பேச யாருக்குத் தைரியம்?

வேனில் லோஜினி ஒரே மூச்சில் சொல்லிப் பார்த்தாள்.

“சேர், கேளுங்க. ரெண்டு பதிலையும் நீங்க ஒண்ணாக்கிட்டீங்க. இனி ரோபோ எதப் பார்த்தாலும் ‘சரிங்க தொர’தான். சரின்னு சொன்னா நடக்கும்னுதான் எழுதியிருக்கேன். பள்ளமா இருந்தாலும் நடக்கும்.”

“பள்ளம் இருக்கிற பக்கம் அனுப்பாமல் விட்டால் சரி.”

“நில்லுன்னு சொன்னாலும் நிக்காது. நில்லுங்கிறதே உள்ளுக்குள்ள ‘அடுத்த அடிக்கு முடியாது’ன்னுதான் வச்சிருக்கேன்.”

“உனக்கு நான் கணக்குப் படிப்பிச்சனான். எனக்கு நீ படிப்பிக்காதை. அங்க வந்து வாயைத் திறக்கக் கூடாது, விளங்கிச்சோ?”

லோஜினி பல்லைக் கடித்தாள். முன்சீட்டிலிருந்த டிரைவர் வேனில்தான் ஏதோ உடைந்துவிட்டதென்று நிறுத்தி, இறங்கி நாலு சில்லையும் குனிந்து பார்த்தான்.

தன் தோட்டத்து மண்டபத்துக்கு வந்ததும் அவள் அம்மாவின் காதில் சொன்னது ஒன்றே ஒன்றுதான். “பால்மா டின்னுக்குள்ள கறுப்பு டிஸ்க் ஒண்ணு இருக்கு. எடுத்துட்டு வா.” பழைய கோப்பின் ஒரே பிரதி அதுதான். லயம் மண்டபத்துக்குக் கீழேயே இருந்தது. பேச்சியம்மா எதற்கென்று கேட்கவில்லை, வழக்கம்போலச் சரியென்று போய் எடுத்து வந்து மடியில் சொருகிக்கொண்டாள்.

பத்து மணிக்கு வருவதாகச் சொன்ன துரை ஒரு மணிக்கு வந்தார். கொழுந்துப் பெண்களை மலையிலிருந்து இறக்கி, படம் பிடிக்க அழகாக இருக்குமென்று கூடையும் கையுமாக ஒன்பதரைக்கே உட்கார வைத்திருந்தார்கள். மூன்றரை மணி நேரம் தண்ணீர்கூட இல்லை. காளியாயி வெற்றிலையை மென்ற வேகத்தில் தாடை தீப்பிடிக்காதது ஆச்சரியம். வாசலில் குளவி மரத்துக்கு அனுப்பிய அதே கண்டாக்கு, காலில் சப்பாத்து பளபளக்க.

திரையில் மலை வந்தது. பச்சை வரிசைகள், சவுக்கு மரம், ஓரத்தில் கிடுகிடு பள்ளம். பன்னிரண்டு ரோபோவும் பெரட்டுக்கு நிற்பதுபோல் வரிசையாக நின்றன. தங்கள் தங்கள் ரோபோவைப் பார்த்துப் பெண்கள் சிரித்தார்கள். “அடியே, ஒன் குடையப் பாருடி!”

இராசரத்தினம் சேர் கட்டளையைத் தட்டினார். ஏழாம் மலைக்குப் போ, கொழுந்து எடு.

பன்னிரண்டு தலைக்கு மேலேயும் எழுத்து மலர்ந்தது. ‘சரிங்க தொர.’

சேர் அதை ஆங்கிலத்தில் சொன்னார். துரை தொடையில் தட்டிச் சிரித்தார். “என்ன மரியாதை!” என்றார். சேரின் முகத்தில் பத்துக் கணினிகள் பளிச்சிட்டன.

லோஜினி சுவரோடு சாய்ந்து நின்றாள். அந்தச் சுவர் சூடேறிப் பின்பக்கம் ஒட்டியிருந்த தொழிற்சங்க நோட்டீஸ் உதிர்ந்ததென்று பிற்பாடு பேசிக்கொண்டார்கள்.

ஏழாம் மலையில் கொழுந்துக்கு நாள் ஆகவில்லை. ரோபோக்கள் கண் முழிக்காத குருத்தைக் கிள்ளின. அது தீர்ந்ததும் முற்றல் இலையைப் பிடுங்கின. அதுவும் தீர்ந்ததும் குச்சியை ஒடித்தன. திரையின் மூலையில் கிலோ ஏறிக்கொண்டே போனது. நூறு, இருநூறு, எண்ணூறு. துரை நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். “இன்னும்! இன்னும்!” மலை மொட்டை அடித்துக்கொண்டு வந்தது. பெண்கள் பக்கத்தில் சிரிப்பு நின்றிருந்தது.

“செடியக் கவ்வாத்து வெட்டுறவன்கூட இப்புடி வெட்ட மாட்டானே” என்று யாரோ முணுமுணுத்தாள்.

“மூண்டாம் மலைக்கு அனுப்பட்டாம்” என்றார் சேர். தட்டினார்.

‘சரிங்க தொர.’ குடை வைத்த ரோபோ முதலில் போனது. சவுக்கு மரத்தடிக்கு நேரே போனது. மரத்திலிருந்து கறுப்புப் புள்ளிகள் கொட்டின. ரோபோ குடையோடு ஆடியது, தள்ளாடியது. ‘சரிங்க தொர’ என்றது. கொழுந்தைக் கிள்ளியது. மறுபடி ‘சரிங்க தொர’ என்றது. பின்னால் ஒவ்வொன்றாகப் பதினொன்றும் அந்தக் கறுப்புக்குள்ளே நுழைந்தன.

பேச்சியம்மா கன்னத்தைத் தடவிக்கொண்டாள். வாசலில் நின்ற கண்டாக்கு தன் சப்பாத்தை முதல்முறை பார்ப்பதுபோலப் பார்த்தார். கிலோ ஆயிரத்து நானூறு.

பச்சை இலை அந்த மலையிலும் தீர்ந்தது. ரோபோக்களுக்குத் தெரிந்தது பச்சை நிறம் ஒன்றுதான். மலையில் மிச்சமிருந்த பச்சை, காளியாயியின் ரோபோ. பதினொன்றும் அதைச் சூழ்ந்துகொண்டு பிடுங்கத் தொடங்கின. முதலில் அட்டை பிடுங்குகிற கை போனது. பிறகு முதுகு சொறிகிற கை, பிறகு கொழுந்துக் கை இரண்டும். கையில்லாமல் நின்ற அதன் தலைக்கு மேலே, ‘சரிங்க தொர.’

“நிறுத்துங்கடா!”

காளியாயி எழுந்துவிட்டாள். அந்தக் குரல் வட்டகொடை ஸ்டேசன் வரைக்கும் கேட்டு, புறப்பட்ட ரயில் நின்றதாகச் சொல்வார்கள். “அது குளவி மரம்! நான் அன்னைக்கே சொன்னேன்ல? பேசாமப் போன்னு சொன்னான்ல இந்தச் சப்பாத்துக்காரன்? இன்னைக்குப் படமா வேற காட்டுறீங்களா? தூ!”

வெற்றிலைச் சாறு கண்டாக்கின் சப்பாத்துக்கு ஓர் அங்குலம் முன்னால் விழுந்தது. குறி தவறியதா, தவறவிட்டாளா என்பது அவளுக்கும் சாமிக்கும்தான் தெரியும்.

சேர் ‘நில்’ என்று தட்டினார். ‘சரிங்க தொர’ என்றன ரோபோக்கள். நிற்கவில்லை. பத்துத்தரம் தட்டினார். பத்துச் ‘சரிங்க தொர.’ கை பிடுங்கி முடித்த பதினொன்றும் பள்ளத்தின் பக்கம் திரும்பின. ஒவ்வொன்றாக, வரிசை குலையாமல், மரியாதையாகச் சொல்லிவிட்டு விழுந்தன.

“பிள்ளை, நிப்பாட்டு!”

“முடியாதுங்க சேர்.”

“என்ன?”

“காரணமும் சொல்லவா? நிப்பாட்டுற வார்த்தைய நீங்க காலைலயே எடுத்துட்டீங்க.”

திரை இருண்டது. காளியாயி வயரைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றாள். “கரண்டு போயிருச்சுங்க தொர” என்றாள், குழந்தை முகத்தோடு.

துரைக்குக் கோபமே இல்லை. அதுதான் எல்லாரையும் விடப் பெரிய கோபத்தைக் கிளப்பியது. அவர் உற்சாகமாக ஏதோ கேட்டார். சேர் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “அரை மணித்தியாலத்தில ஆயிரத்து நானூறு கிலோவோ எண்டு கேக்கிறார். திரும்பப் போட்டுக் காட்டட்டாம்.”

லோஜினி அம்மாவின் பக்கம் கையை நீட்டினாள். மடியிலிருந்து டிஸ்க் வந்தது. “போடுறேங்க” என்றாள். சேர் அவளைப் பார்த்தார், டிஸ்க்கைப் பார்த்தார். அவர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் வயர் சொருகியாயிற்று, கோப்பும் ஏறியாயிற்று.

மறுபடி மலை, மறுபடி பன்னிரண்டு பேர். துரையே கை நீட்டி மூன்றாம் மலையைக் காட்டினார். லோஜினி கட்டளையைத் தட்டினாள்.

குடை வைத்த ரோபோ நாலடி நடந்தது. சவுக்கு மரத்தைப் பார்த்தது. நின்றது. தலைக்கு மேலே எழுத்து வந்தது.

‘முடியாது. குளவி.’

வாசிக்கத் தெரிந்தவர்கள் வாசித்தார்கள், தெரியாதவர்களுக்குச் சத்தமாகச் சொன்னார்கள். மண்டபத்துத் தகரம் பறந்துபோய்ப் பக்கத்துத் தோட்டத்தில் விழாதது ஒன்றுதான் குறை. கூடையைத் தட்டினார்கள், தரையைத் தட்டினார்கள். துரை திரும்பவும் காட்டினார். ‘முடியாது. குளவி.’ எழுந்து நின்று காட்டினார். ‘முடியாது. குளவி.’

“என்ன சொல்கிறது அது?” என்று கேட்டார் துரை.

சேரின் நெற்றியில் வியர்வை ஓடை பாய்ந்தது. “யோசிக்குது சேர்” என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

அப்போது எழுந்தவள் பேச்சியம்மா. வாழ்நாளில் கண்டாக்கிடம் ‘சரிங்க’ தவிர வேறு பேசாத பேச்சியம்மா, எல்லாருக்கும் பெரிய துரையிடம் சிங்களத்தில் சொன்னாள்: “பேஹே கியனவா மாத்தயா. தெபரு இன்னவா.” முடியாது என்கிறது ஐயா, குளவி இருக்கிறது. சொல்லிவிட்டு உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

துரையின் முகம் சிவந்தது. மெசினைப் பார்க்க வந்தேன், தொழிற்சங்கத்தைப் பார்க்க வரவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அவருடைய ஜீப்போடு பத்துக் கணினியும் போயின.

மூன்று மணி. வேனில் சேர் டிக்கோயாவுக்கும் ஹட்டனுக்கும் இடையில் லோஜினியை மூன்றுதரம் வேலையை விட்டு நிறுத்தினார்.

“திங்கக்கிழமை நீ வரவேண்டாம்! பத்துக் கொம்பியூட்டர்! பத்து! எத்தினை பிள்ளையள் படிச்சிருக்குங்கள்!”

“அந்தப் பத்தும் எங்கம்மா மூஞ்சி மேல ஏறிதான் வரணும்னா வேணாங்க சேர்!”

“வாயை மூடு!”

“மூடத்தான் சொல்லுவீங்க. காலைலேர்ந்து அதைத்தானே சொல்றீங்க!”

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருடம்; வளைவு தாண்டியதும் சோதனைச்சாவடி. ஆமிக்காரர்கள் வேனை மறித்தார்கள். இருவரும் அடையாள அட்டையை நீட்டினார்கள். லோஜினியினதைப் புரட்டிக் கொடுத்துவிட்டார்கள். சேரினதில் பிறந்த ஊர் யாழ்ப்பாணம் என்று பார்த்ததும் அவரை இறங்கச் சொன்னார்கள். எங்கே போகிறாய், ஏன் போகிறாய், எப்போது வந்தாய். ஹட்டனையே கணக்கால் ஆட்டிவைத்த மனுசன் கழுத்துப்பட்டியோடு தெருவில் நின்று, ஒவ்வொரு கேள்விக்கும் “ஹரி சேர், ஹரி சேர்” என்று சிங்களத்தில் ‘சரி’ சொல்லித் தலையாட்டினார். கேள்வி என்னவென்று முடிவதற்கு முன்னமே ‘ஹரி’ வந்தது. பையைக் கொட்டச் சொன்னார்கள். ஹரி சேர். லோஜினி கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கோபத்துக்கு இப்போது எந்தப் பக்கம் பாய்வதென்று தெரியவில்லை.

கொட்டியதைப் பைக்குள் அள்ளிப் போட்டுக்கொண்டு ஏறினார். பிறகு சேர் வெளியே பார்த்தபடி சொன்னார்.

“முடியாது எண்டு சொன்ன பெடியள் எனக்கு மூண்டு பேர் தெரியும். நல்லாக் கணக்குச் செய்வாங்கள். இப்ப இல்லை.”

“சரின்னு சொன்னவங்கள எனக்கும் தெரியும் சேர். பன்னெண்டு பேரு.”

வேன் ஹட்டனுக்குள் நுழைந்தபோது மூன்று முப்பத்தைந்து.

மாடிப்படி ஏறி, கதவைத் திறந்து, இணையக் கணினியின் முன்னால் உட்கார்ந்து, கடவுச்சொல்லை ஆணி அறைகிற மாதிரி அறைந்தார். அது அவருக்கு மட்டும்தான் தெரியும். “டிஸ்க்கைத் தா.”

“எதுக்கு?”

“அனுப்பத்தான்! வேற எதுக்கு?”

லோஜினி டிஸ்க்கை இறுக்கிப் பிடித்தாள். “மாத்தாம?”

“மாத்தினது பிழை. என்ரை கண்ணுக்கு முன்னால பள்ளத்துக்குள்ள விழுந்தது பதினொண்டும். இருபத்தைஞ்சு வருசம் கணக்குப் படிப்பிச்சவன், பிழையான விடையை என்ரை நிலையத்தின்ரை பேரில அனுப்பமாட்டன். அது வேறை, நீ எனக்குச் செய்தது வேறை. இதை அனுப்பிப்போட்டுப் போ. திங்கக்கிழமை வரவேண்டாம்!”

“முடியாதுங்க சேர்.”

“என்ன முடியாது!”

“திங்கக்கிழமை பிள்ளைங்களுக்குப் பரீட்சை வச்சிருக்கேன். கேள்வித்தாள் எனக்கு மட்டும்தான் தெரியும்.”

சேரால் காரணத்தில் பிழை பிடிக்க முடியவில்லை. அந்த எரிச்சலில் மேசையைக் குத்தினார். குத்திய குத்தில் சுவரிலிருந்த கம்பி நழுவியது, மோடம் இழுத்துக்கொண்டிருந்த கூக்குரல் நின்றது. மணி மூன்று நாற்பது.

லோஜினி விரலைக் கொண்டு போனாள். பாதி வழியில் நிறுத்தினாள். கையைக் கட்டிக்கொண்டு கணினியின் முன்னால் வந்து நின்றாள்.

“எழும்புங்க சேர். அனுப்புறது எப்படின்னு எனக்குத்தான் தெரியும். கம்பிய நீங்க புடிங்க.”

அவர் முறைத்தார். கடிகாரத்தைப் பார்த்தார். கழுத்துப்பட்டியைத் தோளுக்குப் பின்னால் எறிந்துவிட்டுச் சுவர்ப் பக்கம் போய், குனிந்து, கம்பியை விரலால் அழுத்தினார். மோடம் மறுபடி கூவத் தொடங்கியது. பத்து வீதம். இருபது. ஆமைக்குக் காலில் முள் குத்தியிருந்தால் எந்த வேகத்தில் போகுமோ அந்த வேகத்தில் கோப்பு போனது.

“விரல் உளையுது.”

“எடுத்துராதீங்க. மூணு வருசமா எனக்கும் அப்படித்தான் வலிச்சது.”

“ஒரு கம்பி பிடிக்கிறதுக்கு ஒரு மனுசன்... இதை ஏன் திருத்துவிக்கேல்லை நீ?”

“கேட்டேனே. ‘முடியாது’ன்னு சொன்னீங்க. காரணம் மட்டும் சொல்லல.”

சுவரைப் பார்த்தபடி அவர் முணுமுணுத்தது யாழ்ப்பாணத்து வசவுகளில் மிகப் பழையது என்று பிற்பாடு தெரிந்தது. நாற்பது. எழுபது. மூன்று ஐம்பத்தாறுக்குத் தொண்ணூற்றெட்டில் நின்று உயிரை வாங்கியது. மூன்று ஐம்பத்தேழுக்குத் திரையில் பட்டை நிறைந்து, போய்ச் சேர்ந்தது என்று வந்தது. ஒரு நிமிடத்தில் பனிக்கரடியின் பதிலும் வந்தது. ஒரே வரி: நாற்பத்து மூன்றும் கிடைத்தன.

லோஜினி அதை இரண்டு தரம் வாசித்தாள். அம்மா தடவிக்கொண்ட கன்னம், பூசணிக்காய் வீக்கம், திரையில் ஆடிய குடை எல்லாம் ஒருதரம் வந்து போயின. கோபம் தணிந்ததா என்று தன்னைத்தானே கேட்டுப் பார்த்தாள். இல்லை. ஒரு படி அரிசி வேகிற அளவுக்கு இன்னும் மிச்சமிருந்தது.

சுவர்ப் பக்கமிருந்து குரல் வந்தது. “முடிஞ்சுதோ பிள்ளை?”

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தாள்.

“இன்னும் இல்லைங்க சேர். நல்லா அழுத்திப் புடிங்க.”